தூக்கத்தில் போட்ட பிரேக்

பரிதியின் தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று மழித்தது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், நீங்களா! எங்க வீட்ல எல்லாரும் உங்க..." என்று தொடங்கி, மொட்டைத் தலையைப் பார்த்து நிறுத்தினாள். "ஸாரி சார். நியூஸ்ல பார்த்தோம்."

"பரவால்லம்மா."

அவள் காத்திருந்தாள். அவனிடம் பேசுகிற எல்லோரும் கடைசியில் அப்படிக் காத்திருப்பார்கள்.

"அப்பா சொத்து ஒண்ணும் விடல. இருந்த முடியையும் வாங்கிட்டுப் போயிட்டாரு," என்றான்.

அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். சொன்ன அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. அதற்காகத்தான் டாக்டரைப் பார்க்க வந்திருந்தான்.

டாக்டர் மெஹருன் அவனை அவன் பேர் வாங்குவதற்கு முன்பிருந்தே அறிவார். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே ஆறவைக்க வேணாம் பரிதி. காரியம் முடியட்டும். கொஞ்ச நாள் அழுதுட்டு வாங்க. உடம்புக்கு அதுதான் நல்லது."

"அழுகை வரல டாக்டர்."

"அதிர்ச்சியா இருக்கும்."

"இல்ல. கொள்ளி வச்சதும் 'திரும்பிப் பார்க்காமப் போங்க'ன்னாங்க. ஆடியன்ஸைப் பார்க்காம எப்படிடா இறங்குறதுன்னு தோணுச்சு. நல்ல லைன்கூட இல்ல அது. ஆனா அதுதான் தோணுச்சு."

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். திரையில் அவனுடைய பழைய பதிவுகளைத் திறந்து மெதுவாக மேலிருந்து கீழே போனார். வெகுநேரம் போனார்.

"உங்க அம்மா இறந்த நாள். அதுல அப்பா இருக்கார். அப்பா ரிட்டயர் ஆனப்ப டிப்போல மாலை போட ஒருத்தரும் வராதது. உங்க காலேஜ் ஃபீஸுக்காக அவர் ஒரு கிளீனர்கிட்டக் கெஞ்சினது. தூக்கத்துல பிரேக் போடுறது..."

"எல்லாமே மேடையில நல்லா ஓடுன பிட்டு டாக்டர்."

"ஒவ்வொண்ணாக் கொண்டு வந்தீங்க. ஒவ்வொண்ணா ஆறவச்சோம். தனித்தனி நினைவுன்னுதான் நானும் நினைச்சேன். இப்ப மொத்தமாப் பார்த்தா, ஆளே ஆறிட்டார். நீங்க கொள்ளி வச்சது எப்பவோ செத்துப்போன ஒருத்தருக்கு."

அந்தச் சிகிச்சைக்கு மருத்துவத்தில் நீளமான பெயர் இருந்தது. ஜனங்கள் ஆறவைப்பது என்றார்கள். ஓர் ஊசி போடுவார்கள். தலையில் ஒன்றை மாட்டுவார்கள். நினைவை முழுதாகச் சொல்லச் சொல்வார்கள். சொல்லி முடிக்கும்போது நடந்ததெல்லாம் அப்படியே இருக்கும், அதன் சூடு மட்டும் போயிருக்கும். நேற்று நடந்தது முப்பது வருடத்துக்கு முன் நடந்தது போலத் தெரியும். முதலில் பட்டாசு ஆலைத் தீயில் பிழைத்தவர்களுக்குச் செய்தார்கள். பிறகு விபத்தில் பிள்ளையை இழந்தவர்களுக்கு. காமெடியன்களுக்கும் உதவும் என்று யாரும் யோசிக்கவில்லை. பரிதி யோசித்தான்.

எந்தக் காமெடியனும் தன் துக்கத்தை வைத்துச் சிரிக்கவைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேடையேற்றினால் குரல் உடையும். குரல் உடைந்தால் கூட்டம் சிரிக்காது, பாவப்படும். பரிதி காத்திருக்கவில்லை.

"சூட்டைத் திருப்பி வைக்க முடியுமா டாக்டர்?"

"எடுத்து டப்பாவுலயா வச்சிருக்கேன்? போனது போனதுதான்."

"வழியே இல்லையா?"

டாக்டர் தயங்கினார். "ரெண்டு மூணு பேருக்கு நடந்திருக்கு. நிரூபணம்னு சொல்ல மாட்டேன். அப்பக் கூட இருந்தவங்க, இன்னும் ஆறாம வச்சிருக்கவங்க, அழுதுக்கிட்டே சொன்னா இவங்களுக்குக் கொஞ்சம் ஒட்டியிருக்கு. சாவு வீட்ல ஒருத்தர் அழுதா பக்கத்துல இருக்கவங்களுக்கு வர்ற மாதிரி. அப்படி யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்கா."

"பேசுவாங்களா?"

"தெரியல," என்றான் பரிதி.

*

எந்தக் கதையையும் அவன் முதலில் அக்காவிடம்தான் சொல்வான்.

அதுதான் அவன் வேலை செய்யும் முறை. ஏதாவது நடந்தால், வலிக்கும்போதே தேன்மொழிக்கு ஃபோன் செய்வான். கோர்வையில்லாமல், திக்கித் திக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வான். அவளும் அழுவாள். எந்த இடத்தில் அவள் அதிகமாக அழுதாள் என்பதைக் கவனித்துக்கொள்வான். மறுநாள் மெஹருனிடம் போய் ஆறவைத்துக்கொண்டு வருவான். பிறகு எழுத உட்கார்வான். அக்கா அழுத இடத்தில் சிரிப்பு இருக்கும். ஒரு முறையும் தவறியதில்லை.

அம்மா இறந்த இரண்டாம் மாதம் அதை மேடையில் செய்தான். அந்த ஒன்றில்தான் அவன் பெயர் கடல் தாண்டிப் போனது.

"எங்க அம்மா செத்தது மே மாசம். மதுரை. மே மாசம். எங்க வீட்ல ஏசி கிடையாது. ஃப்ரீசர் பெட்டி வந்துச்சு. எங்க குடும்பத்துலயே மொத மொத ஏசில படுத்தது எங்கம்மாதான்.

"துக்கம் கேக்க வந்தவங்க பெட்டி மேல கைய வச்சாங்க. எடுக்கல. ஒரு பெரியப்பா கன்னத்தையே வச்சுட்டாரு. பாரு, கொழுந்தியா மேல என்னா பாசம்னு எல்லாரும் அழுகுறாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா தூங்குறாரு.

"திடீர்னு கரண்ட் போயிருச்சு. எங்க அத்தான் ஈபில வேலை. மொத்தச் சாவும் அவரைத் திரும்பிப் பாக்குது. அவரு வாயத் திறந்து நான் பார்த்ததே இல்ல. அன்னைக்கும் திறக்கல. எந்திரிச்சுப் போனாரு. எதுத்தாப்புல கல்யாண மண்டபம். ஜெனரேட்டர்ல இருந்து வயர் இழுத்துட்டு வந்துட்டாரு. அங்க பந்திக்கு மிக்ஸி ஓடுனா இங்க அம்மாவுக்கு லைட்டு மங்குது.

"கடைசியா எங்க அப்பா வர்றாரு. கையில ஒரு போர்வை. பெட்டி மேல போர்த்துறாரு. எல்லாரும் முழிக்கிறாங்க. என்னப்பா இதுங்கறேன். 'அவளுக்குக் குளிர் ஆகாதுடா'ங்கறாரு."

அந்த வரிக்கு அரங்கம் எழுந்து நின்றது. ஏசி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அதைச் சொன்னார்கள். பனியனில் அச்சடித்து விற்றார்கள். தேன்மொழி திருமங்கலத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் வகுப்பில் மின்விசிறியைப் போட்டால் பின் பெஞ்சிலிருந்து அதே குரலில் அதே வரி வரும்.

மதுரையில் நடந்த நிகழ்ச்சிக்கு அப்பா வந்தார். பரிதிதான் வற்புறுத்தி முதல் வரிசையில் உட்கார வைத்தான். சோலைமலை, அரசுப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு. வெள்ளைச் சட்டையில் தேய்த்த மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். போர்வை வரி வந்தபோது சுற்றிலும் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சுப்பா. ஜனம் சிரிச்சுச்சு," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

தேன்மொழி கார் பக்கத்தில் நின்றாள்.

"இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத."

"என்னக்கா, அப்பாவே நல்லா இருக்குங்கறாரு."

"பச்சையா எங்கிட்டக் கொட்டுற. ஆறுனதை ஊருக்கு ஊத்துற. நான் என்ன, உன் குப்பைத்தொட்டியா?"

"கூட்டத்துல பேசாத. அப்புறம் பேசிக்கலாம்."

"உனக்கு ஆறிரும்டா. எனக்கு?"

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அப்பா அவள் வீட்டில்தான் இருந்தார். பொங்கலுக்கு வேட்டி வாங்கி ஆள் மூலம் அனுப்புவான். கோலாலம்பூரில் மேடைக்குப் போக நின்றுகொண்டிருந்தபோது, அப்பா போய்விட்டார் என்று அத்தான் ராசாங்கத்திடமிருந்து செய்தி வந்தது. நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். அன்று நன்றாகப் போனது.

*

காரியத்துக்கு முந்தின நாள் மதியம் திருமங்கலம் போனான். வாசலில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கால் நடுகிறவன் அவனைப் பார்த்ததும் இன்னொருவனின் விலாவில் இடித்தான்.

கூடத்தில் அப்பாவின் படம். ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். முறைத்துக்கொண்டு இருந்தார். கீழே விளக்கு எரிந்தது.

"வா," என்றாள் தேன்மொழி. "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

ராசாங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தலையை அசைத்தார். மறுபடி உள்ளே போனார். டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தேன்மொழி மெலிந்திருந்தாள். மற்றபடி முகம் தெளிவாக இருந்தது. இந்தத் தெளிவை அவன் எதிர்பார்க்கவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேட்டு வந்தேன்க்கா."

"கேளு."

"எனக்கு அப்பாவுக்கு அழுகை வரல."

"பார்த்தேன். சுடுகாட்டுல இருந்து வந்து காபி நல்லா இருக்குன்னு சொன்னே."

"நல்லா இருந்துச்சு."

"ம். நான் போட்டது."

அவன் டாக்டர் சொன்னதைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆளே ஆறிவிட்டார் என்றதையும் சொன்னான். அவள் கால்விரலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நான் மொதல்ல அழுது சொன்னதெல்லாம் உங்கிட்டத்தான் இருக்கு," என்றான். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மேடையில சொன்னதுதான் மிச்சம். நாளைக்குக் காரியம். அதுல நான் பிண்டம் வைக்கணும். யாரோ ஒருத்தருக்கு வைக்கிற மாதிரி வைக்க முடியாதுக்கா. எனக்கு என் அப்பா வேணும். நீ சொன்னாக் கொஞ்சமாவது வரும்னு டாக்டர் சொல்றாங்க."

"எதைச் சொல்ல?"

"பிரேக்."

தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாடிப்பட்டி தாண்டி ஒருத்தர் சைக்கிள்ல குறுக்க வந்துட்டாரு. அப்பா பிரேக் அடிச்சாரு. வண்டி நிக்கல. விசாரணையில அவர் மேல தப்பில்லன்னுட்டாங்க. அந்த ஆளோட பொண்டாட்டி வந்து அப்பா காலையே பார்த்துட்டு நின்னுச்சு. ஒண்ணும் கேக்கல. திட்டக்கூட இல்ல. அன்னையில இருந்துதான். தூங்குறப்ப வலது காலு அமுக்கும். பாயில அமுக்கும், சுவத்துல அமுக்கும். அம்மா எழுப்பும். எழுந்து உக்காந்து தண்ணி குடிப்பாரு. திரும்பப் படுப்பாரு. திரும்ப அமுக்கும்."

"ம்."

"நீ ரெண்டாப்பு படிச்சே. அவர் கால்மாட்டுலதான் படுப்பே. ஒரு நாள் உன் காலைக் கொண்டு போய் அவர் பாதத்துக்கு அடியில வச்சே. ரெண்டு அமுக்கு அமுக்கினாரு. நின்னுருச்சு. அப்புறம் தெனம் வச்சே. காலையில உன் கெண்டைக்காலு செவந்து கெடக்கும். அம்மா கேட்டா, வண்டி நிக்கணும்லன்னு சொல்லுவே."

பரிதிக்கு எல்லாம் நினைவிருந்தது. பாயின் கோரை வாசனைகூட நினைவிருந்தது. மேடையில் அவன் சைக்கிள்காரரையும் தன் காலையும் வெட்டியிருந்தான். தூக்கத்தில் பிரேக் போடுகிற அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டான். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா டிக்கெட் கேட்பாள். அப்படி முடியும்.

தன் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தான். அது வெறும் ஒரு கால்.

"மேல சொல்லு. ஆஸ்பத்திரில எப்படி இருந்தாரு?"

"ஐசியூல படுத்திருக்காரு. மூஞ்சில மாஸ்க்கு. கண்ணு மூடிருச்சு. பேச்சு இல்ல. வலது காலு மட்டும் அமுக்கிட்டே இருக்கு. நர்ஸ் பொண்ணு ஓடி வருது. 'என்னம்மா, பேஷண்டுக்கு ஃபிட்ஸா?'ங்குது. இல்லம்மா, டிரைவருங்கறேன்."

பரிதியின் வாய் ஓரம் அசைந்தது.

"அமுக்குறாரு. அமுக்குறாரு. மானிட்டர் பாட்டுக்குக் கத்துது. டாக்டருங்க நாலு பேரு சுத்தி நிக்கிறாங்க. இவரு அமுக்கிட்டே இருக்காரு. வண்டி நிக்கல."

தேன்மொழி நிறுத்தினாள்.

"கவர்மென்ட்டு வண்டி. என்னைக்குப் பிரேக் பிடிச்சிருக்கு?"

பரிதி சிரித்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றிலிருந்து வந்தது. அவனை ஒருவர் இப்படிச் சிரிக்கவைத்து வருடங்கள் ஆகியிருந்தன. தேன்மொழியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். படத்துக்குக் கீழே விளக்கு ஆடியது.

"'டிரைவரு'ங்கறதை இன்னும் கொஞ்சம் சாதாரணமாச் சொல்லணும்க்கா," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா 'நிக்கல'ன்னு சொல்லிட்டு விட்டே பாரு ஒரு இடைவெளி, அது பிரமாதம். எனக்கே அப்படி விழாது."

சொல்லிவிட்டான். பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அந்த இடைவெளியை அவனுக்குத் தெரியும். அழுகிறவர்களால் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. தொண்டை விடாது. ஆறினவர்களால்தான் முடியும்.

"அக்கா."

"ம்."

"நீயும் போயிட்டியா?"

தேன்மொழி சிரிப்பை முடித்தாள். சேலையைச் சரிசெய்தாள்.

"ஆறவைக்கிற இடம் இங்கயே நம்ம ஊர்ல வந்துருச்சுடா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. போர்வையைத்தான் மொதல்ல ஆறவச்சேன். அதை வச்சுக்கிட்டு என்னால பாடம் நடத்த முடியல. அதுக்கப்புறம், நீ எங்கிட்டக் கொட்டினது ஒவ்வொண்ணா. ஆஸ்பத்திரி, போன வாரம்."

"போன வாரமா? அப்பா போயி..."

"துக்கம் கேக்க வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. எப்படிப் போனாருன்னு. காலையில ஒருத்தர், மத்தியானம் ஒருத்தர், செருப்பைக் கழட்டும்போதே கேக்குறாங்க. சொல்லாம இருக்க முடியுமா? ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லணும். ஒவ்வொரு தடவையும் அவர் சாகணும். எனக்குத் தெம்பு இல்லடா. நாளைக்கு இருநூறு பேர் வருவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ அப்பாகிட்டக் கேட்டியா?"

பரிதி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டான்.

"அந்த நிகழ்ச்சிக்கு அப்புறம் அவர் குளிருதுன்னு சொன்னதே இல்ல," என்றாள் தேன்மொழி. "மார்கழியில ஃபேனுக்கு அடியிலயே படுத்திருப்பாரு. நிறுத்தவான்னு கேட்டா வேணாம்பாரு. சொன்னாச் சிரிச்சுருவோம்னு பயம்." பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "இதெல்லாம் நீ அழுகுறதுக்காகச் சொல்றேன். வருதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல."

இருவரும் அப்பாவின் படத்தைப் பார்த்தார்கள். நல்ல படம். மூக்கின் வலப்பக்கம் மரு இருந்தது. பரிதிக்கு அதை வைத்தும் ஒரு வரி இருந்தது.

ராசாங்கம் டீ கொண்டுவந்தார். தட்டில் மூன்று டம்ளர். டீ சிந்தியிருந்தது. அவர் கண் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. சின்ன வீடு. அடுப்படிக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் மெதுவாச் சிரிங்க," என்றார். "பந்தல்காரங்க இருக்காங்க."

பரிதி அவரையே பார்த்தான். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அத்தான். நீங்க ஆறவைக்கலையா?"

ராசாங்கம் தலையாட்டினார். இல்லை.

"கடைசியில கூட இருந்தது நீங்களா?"

"டாக்டருங்க போனதும் உங்க அக்கா மருந்து வாங்கப் போயிருந்துச்சு."

"சொல்லுங்க அத்தான். எப்படிப் போனாரு?"

ராசாங்கம் தட்டைக் கீழே வைத்தார். வைத்த பிறகு கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். உட்கார்ந்தார்.

"அது... மாமா வந்து... டீ கேட்டாரு. இல்ல, அது முந்தின நாளு. அன்னைக்குக் காலு... அமுக்கிட்டே இருந்துச்சா... எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க சின்னதுல கால வப்பீங்கன்னு சொல்லியிருக்காரு. எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அதான் நான் போயி..."

வலது உள்ளங்கையை விரித்தார். அதைப் பார்த்தார்.

"கைய வச்சேன் மாப்ள. அடியில. அமுக்கினாரு. நல்லா அமுக்கினாரு. அப்புறம்..."

பேச்சு நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. கை விரித்தபடியே இருந்தது.

அக்காவும் தம்பியும் காத்திருந்தார்கள். பரிதி தன்னையறியாமல் முன்னால் சாய்ந்திருந்தான். பக்கத்தில் தேன்மொழியும் அப்படித்தான் சாய்ந்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சொல்ல வராது மாப்ள," என்றார் ராசாங்கம்.

அவனுக்குள் ஏதோ ஒன்று அந்த இடைவெளியை ஏற்கெனவே அளந்து முடித்திருந்தது. அடுத்து எந்தச் சொல் விழ வேண்டும் என்றும் அதற்குத் தெரிந்திருந்தது. பரிதி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து அத்தானின் விரித்த கையை விரல்விரலாக மடக்கி மூடினான்.

"வேணாம் அத்தான். சொல்லாதீங்க," என்றான். "எங்க ரெண்டு பேர்கிட்டயும் என்னைக்கும் சொல்லிடாதீங்க."